மேலே சொல்லியாச்சு

பென்சில்வேனியாவில் பிள்ளைகளோடு பழகுகிற வேலைக்குப் போனால் மூன்று சான்றிதழ் கேட்பார்கள். மாநிலப் போலீஸிடமிருந்து ஒன்று. குழந்தை வதைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று ஒன்று. கைரேகை வைத்து எஃப்.பி.ஐ.யிடமிருந்து ஒன்று. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இங்கே ஒரு சின்னக் கல்லூரியில் நான் பெண்கள் ஹாக்கி அணிக்குக் கோச். கோடையில் எங்கள் மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேம்ப் நடக்கும். உதவிக்கு வரும் இளம் கோச்சுகளின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோப்பில் வைப்பது, கேம்புக்கு முதல்நாள் ராத்திரி நான் செய்யும் கடைசி வேலை. அந்தத் தாள்களைப் புரட்டும்போது ஜோ பட்டர்னோ ஞாபகம் வராமல் இருந்ததில்லை. இந்தக் கெடுபிடி இந்த அளவுக்கு வந்தது அவர் காலத்தில் வெடித்த விவகாரத்துக்குப் பிறகுதான்.

நான் கோவில்பட்டிக்காரன். தீப்பெட்டி, கடலைமிட்டாய்க்கு அடுத்து எங்கள் ஊர்ப் பெருமை ஹாக்கி. மட்டையைப் பிடித்தே அரசாங்க வேலைக்குப் போன அண்ணன்மார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மனைவிக்கு வேலை கிடைத்து அமெரிக்கா வந்தபோது, இனி ஹாக்கிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்தேன். இங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. நம் ஹாக்கிக்கு ஃபீல்டு ஹாக்கி என்று பெயர். கல்லூரிகளில் அதைப் பெண்கள்தான் ஆடுகிறார்கள். பென்சில்வேனியா அதற்குப் பேர்போன மாநிலம். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மறுவாரம் வேலிக்கு உள்ளே நின்றேன். அப்படித் தொடங்கியது இந்தப் பிழைப்பு.

இந்த மாநிலத்தில் எந்த விளையாட்டுக்குக் கோச்சாக இருந்தாலும் பட்டர்னோ பேச்சு வராமல் ஒரு வாரம் போகாது. 1926-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். 1950-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கன் ஃபுட்பால் உதவிக் கோச்சாக வந்தார். 1966-இல் தலைமைக் கோச் ஆகி 2011 வரை 46 சீசன் அதே அணியோடு இருந்தார். 409 வெற்றி, 1982, 1986-இல் தேசியப் பட்டம். கல்லூரி ஃபுட்பாலின் முதன்மைப் பிரிவில் வேறெந்தக் கோச்சுக்கும் இத்தனை வெற்றி இல்லை.

என்னைப் பிடித்து இழுத்தது வெற்றிக் கணக்கு இல்லை. 1973-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்ற தொழில்முறை அணி பெரும்பணம் பேசிக் கூப்பிட்டபோது, போகச் சம்மதித்துவிட்டு ஒரே ராத்திரியில் மனம் மாறிக் கல்லூரியிலேயே தங்கியவர். படிப்பை விட்ட ஆட்டக்காரனை அணியில் வைக்கமாட்டார் என்று பேர் வாங்கியவர். அவரும் மனைவியும் லட்சக்கணக்கான டாலரைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். அவர் பெயர் அங்கே ஒரு நூலகத்துக்கு இருக்கிறது. ஃபுட்பால் கோச்சின் பெயரில் நூலகம் என்பதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அவர் அணியின் சட்டையில் ஆட்டக்காரர் பெயர் இருக்காது, எண் மட்டும். முதுகில் இருக்கும் பெயருக்காக ஆடாதே, கூட நிற்பவனுக்காக ஆடு என்பதாக நான் அதைப் புரிந்துகொண்டேன். கோச்சான முதல் வருஷமே எங்கள் பிள்ளைகளின் சட்டையிலிருந்தும் பெயர்களை எடுத்துவிட்டேன்.

2011 நவம்பர் 5, சனிக்கிழமை. பட்டர்னோவிடம் இருபது வருஷத்துக்கு மேல் தற்காப்பு ஆட்டத்தை வகுத்துக் கொடுத்த ஜெர்ரி சாண்டஸ்கியைக் கைது செய்தார்கள். 1977-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக 'தி செகண்ட் மைல்' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கியவர் அவர். அந்த அமைப்பின் வழியாக வந்த சிறுவர்களையே பல வருஷமாகச் சீரழித்திருக்கிறார். மறு ஜூனில் பத்துச் சிறுவர்கள் தொடர்பான 48 குற்றச்சாட்டுகளில் 45-இல் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. 30 முதல் 60 வருஷம் சிறை.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி, சாண்டஸ்கி விவகாரத்தை விசாரித்த கிராண்ட் ஜூரியின் அறிக்கையை இறக்கிப் படித்தேன். 23 பக்கம். உதவிக் கோச்சாக இருந்த இளைஞர் மைக் மெக்குவரி, ஒரு ராத்திரி ஃபுட்பால் கட்டடத்தின் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்க்கிறார். பட்டர்னோவிடம் ஆடி வளர்ந்தவர் மெக்குவரி. மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார். பட்டர்னோ அதற்கு மறுநாள் தன் மேலதிகாரியான விளையாட்டு இயக்குநர் டிம் கர்லியைக் கூப்பிட்டுச் சொல்கிறார். அதோடு அவர் பங்கு முடிகிறது. சம்பவம் நடந்தது 2001 பிப்ரவரியில் என்று பிறகு உறுதியானது. அதாவது பத்து வருஷத்துக்கும் மேலே, சாண்டஸ்கி அதே வளாகத்தில் நடமாடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. தாளை மேஜையில் வைத்துவிட்டேன். மனைவி என்னவென்று கேட்டாள். சொல்லவில்லை. பதினேழு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்றைக்கு எப்படிச் சொல்வது?

1994 மே மாதம். தென்மாவட்டப் பள்ளிப் பையன்களுக்கு இருபது நாள் ஹாக்கி கேம்ப். எனக்கு இருபத்துமூன்று வயது, உதவிக்குப் போயிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கல். ராத்திரி பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பையன்கள் வகுப்பறையில் படுப்பார்கள். மூத்த கோச் ஒருவருக்கு மட்டும் தனி அறை. சாப்பாடு முடிந்ததும் ஒரு பையன் போய் அவருக்குக் கால் அமுக்கிவிட வேண்டும். குருவுக்குச் செய்கிற சேவை என்று அதை எல்லாரும் எடுத்துக்கொண்டோம். சின்ன வயதில் நானும் என் கோச்சுக்குச் செய்தவன்தான்.

பதின்மூன்று வயசுப் பையன் ஒருவன். லெஃப்ட் இன் ஆடுவான். பந்தை மட்டையோடு ஒட்டவைத்த மாதிரி கொண்டுபோவான். அந்த மணிக்கட்டு பழக்கி வருவதில்லை, பிறவியில் வருவது. ஒன்பதாம் நாள் ராத்திரி, தண்ணீர்த் தொட்டி மேலே உட்கார்ந்து மட்டைப் பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றான்.

“அண்ணே, இன்னைக்கு என்னைய அவுக ரூமுக்கு அனுப்பாதீகண்ணே.”

“ஏம்ப்பா, தூக்கம் வருதா?”

இல்லை என்று தலையசைத்தான். டேப் சுருளின் நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான். சுரண்டச் சுரண்ட நுனி பிரிந்து வந்தது, மறுபடியும் ஒட்டினான், மறுபடியும் சுரண்டினான். நான் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்கவில்லை. இதை எனக்கு நானே ஒப்புக்கொள்ளப் பல வருஷம் பிடித்தது.

அன்றைக்கு அவனை என் பக்கத்தில் படுக்கச் சொன்னேன். காலையில் கேம்ப் பொறுப்பாளரிடம் போய், “அண்ணாச்சி, அந்தப் பையன் என்னமோ பயப்படுதான். ராத்திரி ரூமுக்குப் பையங்கள அனுப்புறத நிப்பாட்டிருவோம்” என்றேன். “சரிப்பா, நான் பாத்துக்கிடுதேன். நீ பிராக்டிஸப் பாரு” என்றார். மனசு லேசாகிவிட்டது. கூட இருந்த நண்பன் என்ன விஷயம் என்று விசாரித்தபோது, “மேல சொல்லியாச்சு” என்றேன்.

மூன்றாம் நாள் அந்தப் பையன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். வீட்டு ஞாபகம் வந்துவிட்டதாம், அப்படித்தான் சொன்னார்கள். அவன் மட்டை வகுப்பறைச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. ஹாக்கி ஆடுகிறவன் பல்துலக்கும் பிரஷை மறப்பான், மட்டையை மறக்கமாட்டான். அவன் ஊர் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். நான் போகவில்லை. அந்த மூத்த கோச் அதற்கப்புறமும் எத்தனையோ கேம்ப் நடத்தினார். ஓய்வுபெற்றபோது மேடையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். சால்வையோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

பட்டர்னோவைப் பற்றி நான் சொல்வதை இதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

நவம்பர் 9-ஆம் தேதி காலை, சீசன் முடிந்ததும் ஓய்வு பெறுவதாக அவர் அறிவித்தார். இன்னும் கூடுதலாக ஏதாவது செய்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது என்று அறிக்கையில் வருந்தினார். அன்று ராத்திரியே பல்கலைக்கழக அறங்காவலர்கள் அவரை நீக்கினார்கள், தொலைபேசியில்தான் சொன்னார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்து ஒரு தொலைக்காட்சி வண்டியைக் குப்புறத் தள்ளினார்கள். 12-ஆம் தேதி நெப்ராஸ்காவோடு ஆட்டம். டிக்கெட் முன்பே வாங்கியிருந்ததால் போனேன். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் பீவர் ஸ்டேடியத்தில், ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணிகளும் நடு மைதானத்தில் ஒன்றாக முழங்காலிட்டுப் பிரார்த்தனை செய்தன. அத்தனை பேர் கூடிய இடத்தில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயசாளி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். யாருக்காக அழுகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பட்டர்னோவுக்காகவும் இருக்கலாம், அந்தப் பிள்ளைகளுக்காகவும் இருக்கலாம். அந்த ஊர் இன்றுவரை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. 2012 ஜனவரி 22-இல் நுரையீரல் புற்றுநோயால் பட்டர்னோ இறந்தார். வயது 85.

வழக்கு அவரோடு போகவில்லை. எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் லூயிஸ் ஃப்ரீயை வைத்துப் பல்கலைக்கழகம் விசாரித்தது. அவர் 2012 ஜூலையில் கொடுத்த அறிக்கை, பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர், துணைத்தலைவர் கேரி ஷுல்ட்ஸ், கர்லி, பட்டர்னோ நால்வரும் விஷயத்தை மறைத்தார்கள் என்றது. சில நாளில் ஸ்டேடியத்துக்கு வெளியே இருந்த பட்டர்னோ சிலையை எடுத்துவிட்டார்கள். கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. 6 கோடி டாலர் அபராதம் போட்டு, 1998 முதல் அவர் பெற்ற 111 வெற்றிகளை அழித்தது. நைக்கி நிறுவனம் தன் வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு வைத்திருந்த அவர் பெயரை நீக்கியது. 2015 ஜனவரியில் ஒரு சமரசத்தில் 111 வெற்றிகளும் திரும்பி வந்தன. 409 மறுபடியும் 409 ஆனது. அன்று இங்கே பலர் கொண்டாடினார்கள். எனக்கு அந்த எண்ணிக்கைச் சண்டை இரண்டு பக்கமும் பிடிக்கவில்லை. அந்த ஆட்டங்களை ஆடி ஜெயித்தது மாணவர்கள். அழித்ததாலும் திருப்பிக் கொடுத்ததாலும் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

சண்டை முக்கியமாக மின்னஞ்சல்களைச் சுற்றி. சாண்டஸ்கி மீது 1998-லேயே ஒரு தாய் புகார் கொடுத்து, விசாரணை நடந்து, வழக்குப் போடாமல் முடிந்திருந்தது. அப்போது கர்லி எழுதிய மின்னஞ்சலில், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று ‘கோச்’ தெரிந்துகொள்ளத் தவிப்பதாக ஒரு வரி. அந்தக் கோச் பட்டர்னோதான் என்கிறார் ஃப்ரீ. சாண்டஸ்கியாக இருக்கலாம் என்கிறார்கள் பட்டர்னோ தரப்பினர். 2001-இல் குழந்தைகள் நலத்துறைக்குச் சொல்வதாக முதலில் பேசியிருந்த கர்லி, ஜோவோடு பேசிய பிறகு அது தனக்குச் சங்கடமாக இருப்பதாக எழுதினார். ஜோ என்ன சொன்னார் என்பது அந்த மின்னஞ்சலில் இல்லை. 2016-இல் வெளியான நீதிமன்ற ஆவணங்களில், 1976-லேயே ஒரு பையன் பட்டர்னோவிடம் சொன்னதாக ஒரு புகார் இருந்தது. குடும்பம் அதை மறுத்தது. இறந்துபோனவரால் பதில் சொல்ல முடியாத அந்தப் புகாரை நான் என் கணக்கில் சேர்க்கவில்லை.

அவருக்காகப் பேசுகிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. தனக்கு வந்த சேதியை இரண்டு நாளுக்குள் மேலதிகாரியிடம் சேர்த்தார். அன்றைய மாநிலச் சட்டம் கேட்டது அவ்வளவுதான். அவர் மீது யாரும் வழக்குப் போடவில்லை. சாண்டஸ்கி வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரே, மறைத்ததில் பட்டர்னோவுக்குப் பங்கு இருந்ததற்கான சான்றைத் தான் பார்க்கவில்லை என்று பின்னர் சொன்னார். 2017-இல் கர்லியும் ஷுல்ட்ஸும் குழந்தையை ஆபத்துக்கு உள்ளாக்கியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியரைக் குற்றவாளி என்றது ஜூரி. பட்டர்னோ உயிரோடு இருந்திருந்தால் சாட்சிக்கூண்டில்தான் நின்றிருப்பார் என்கிறார்கள். இருக்கலாம்.

ஆனால் ஒரு கோச்சாக எனக்கு அந்த மின்னஞ்சல்கள் எதுவும் தேவைப்படவில்லை. அவர் மறைத்தார் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் கேட்கவில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார். சாவதற்குச் சில நாள் முன்பு வாஷிங்டன் போஸ்ட்டுக்குக் கொடுத்த பேட்டியில், இதை எப்படிக் கையாள்வதென்று எனக்குத் தெரியவில்லை, பல்கலைக்கழக நடைமுறையில் குறுக்கிட்டுவிடுவோமோ என்று பயந்தேன், அதனால் ஒதுங்கி விவரம் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்தேன் என்றார். கிராண்ட் ஜூரியிடம் அவர் சொன்ன இன்னொன்றும் உண்டு: மேலதிகாரிகளுடைய வார விடுமுறையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தாராம். அதைப் படித்தபோது “நீ பிராக்டிஸப் பாரு” என்ற குரல் எனக்குக் கேட்டது. 2001-இல் அந்தப் பையன் யார், எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று அந்த நான்கு பேரில் ஒருவரும் தேடவில்லை.

எங்கள் தொழிலே கேட்பதுதான். யார் காலை இழுத்து நடக்கிறாள், யார் சாப்பிடவில்லை, எவள் முகம் நேற்றைக்கு மாதிரி இல்லை என்று பார்க்கிறவர்தான் கோச். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தொழிலில் நாற்பத்தாறு வருஷம் உச்சியில் இருந்தவர், தன் கட்டடத்தில் ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. ‘மேலே’ சொன்னாராம். அவருக்கு மேலே யார்? 2004-இல் அணி தோற்றுக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழகத் தலைவரும் கர்லியும் அவர் வீடு தேடிப் போய் ஓய்வு பெறச் சொன்னார்கள். மாட்டேன் என்றார், இன்னும் ஏழு வருஷம் இருந்தார். முடியாது என்று சொல்லி அதிகாரிகளைத் திருப்பி அனுப்ப முடிந்தவர், அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க முடியும். 1994-இல் எனக்காவது மேலே ஆள் இருந்தார்கள். அதனால் என் தப்பு சின்னதாகிவிடவில்லை. அவருடையது எவ்வளவு பெரிது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

நல்லதை என்ன செய்வது என்று சிநேகிதர்கள் கேட்பார்கள். நூலகத்தில் பிள்ளைகள் படிக்கட்டும். எங்கள் சட்டையில் இன்றும் பெயர் இல்லை; நல்ல பழக்கம் யாரிடமிருந்து வந்தாலும் நல்ல பழக்கம்தான். சிலை திரும்பி வரக்கூடாது.

சில வருஷம் முன்பு ஓர் ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் பென் ஸ்டேட் இருக்கும் ஸ்டேட் காலேஜ் ஊரில் பஸ்ஸை நிறுத்தி, பல்கலைக்கழகப் பால்பண்ணைக் கடைக்குப் பிள்ளைகளை ஐஸ்கிரீம் சாப்பிடக் கூட்டிப்போனேன். அங்கே ‘பீச்சி பட்டர்னோ’ என்று ஒரு ஐஸ்கிரீம் உண்டு. சாண்டஸ்கி பெயரிலும் ஒன்று இருந்தது, 2011-இல் நிறுத்திவிட்டார்கள். “கோச், பட்டர்னோ யாரு?” என்று கோல்கீப்பர் கேட்டாள். விவகாரம் வெடித்தபோது அவளுக்கு ஏழோ எட்டோ வயது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொன்னேன். 1994 கேம்ப் கதையையும் முதன்முறையாகச் சொன்னேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பின்சீட்டிலிருந்து ஒருத்தி, “அந்தப் பையன் என்ன ஆனான்?” என்றாள். எந்தப் பையன் என்று கேட்டேன். “ரெண்டு பேரும்தான்” என்றாள். 2001-இல் குளியலறையில் இருந்த பையன் இன்னார் என்று விசாரணையில் ஜூரி முன் நிறுத்த அரசுத் தரப்பால் முடியவில்லை என்றேன். இன்னொருவனைப் பற்றித் தெரியாது என்றேன்.

சாண்டஸ்கி பிடிபட்டதற்கு எந்த அதிகாரியும் காரணமில்லை. 2008-இல் ஒரு பையனும் அவன் தாயும் வாய் திறந்ததால்தான் அந்த விசாரணை தொடங்கியது. பென்சில்வேனியாவில் இப்போது சட்டம் மாறிவிட்டது. 2014 கடைசி முதல், சந்தேகம் வந்த கோச் தானே நேராக மாநிலக் குழந்தை வதைத் தகவல் எண்ணுக்குச் சொல்ல வேண்டும். மேலதிகாரியிடம் சொல்வது அதற்கு அப்புறம். எங்கள் கேம்பில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக்கூடாது. என் அலுவலகக் கதவில் கண்ணாடி இருக்கிறது. அதில் சுவரொட்டி ஒட்ட யாரையும் விடமாட்டேன்.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. சாண்டஸ்கிக்குத் தண்டனை வந்த அதே 2012-இல், நவம்பர் 14 முதல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 19-ஆம் பிரிவுப்படி, ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தாலோ, நடக்கும் என்று பயந்தாலோ போலீஸில் சொல்ல வேண்டும். தலைமையாசிரியரிடமோ, கேம்ப் பொறுப்பாளரிடமோ, சங்கச் செயலாளரிடமோ சொன்னதோடு கடமை முடியாது. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை; நிறுவனத்துக்குப் பொறுப்பானவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. பி.டி. மாஸ்டர்களே, கேம்ப் நடத்தும் தம்பிமார்களே, குழந்தைகள் உதவி எண் 1098. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். கூப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு பஸ் ஏறி அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் ஒருநடை போய் வாருங்கள்.